பரிசு மாடும் மேய்ச்சல் நிலமும்

தமிழ்நாட்டுக் கிராமங்களில் கால்நடைப் பராமரிப்பு இலாகாவார் நடத்தும் சிகிச்சை முகாம்களில், கிடேரிக் கன்றுகளை வரிசையாக நிறுத்தி, நன்றாக வளர்ந்த கன்றுக்குப் பரிசு கொடுப்பது வழக்கமாயிருந்து வருகிறது. கன்றுப் பேரணி என்று அதற்குப் பெயர். பரிசு சிறிதுதான், ஆனால் பரிசு பெற்ற கன்றைப் பிடித்துக்கொண்டு வீதி வழியே வீடு திரும்பும் சம்சாரியின் பெருமை சிறிதன்று. அடுத்த தடவை நம் கன்றும் அந்த வரிசையில் நிற்க வேண்டும் என்று பக்கத்து வீட்டுக்காரன் எண்ணுகிறான். அந்த எண்ணத்தை விளைவிப்பதுதான் மாட்டுக் காட்சியின் முதற் பயன். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கங்களில் இந்த எண்ணத்தை எவ்வழியில் திருப்பினால் நாட்டுக்கு நன்மை உண்டாகும் என்பதே நாம் இங்கே ஆராயப் புகும் விஷயம்.

காட்சிக்கு மாட்டைத் தயார் செய்வது எப்படி என்று கேட்டால், குளிப்பாட்டி, கொம்பு சீவி, வர்ணம் தீட்டி, மணி கட்டி, மாலை சூட்டி ஓட்டிச் செல்வது என்று பலர் சொல்லக்கூடும். அது பொங்கலுக்கு மறுநாள் செய்யும் அலங்காரம். காட்சிக்குரிய ஆயத்தம் வேறு. அது கன்று தாய் வயிற்றில் இருக்கும்போதே தொடங்குகிறது, மேய்ச்சல் நிலத்தில் வளர்கிறது, தொழுவத்தில் நிறைவெய்துகிறது. பந்தலில் வந்து நிற்பது அதன் கடைசி நாள் மாத்திரமே. மேய்ச்சல் நிலம் இல்லாமற் போனால், பந்தலில் நிற்பதற்கு மாடும் இராது. இதனை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

மேனாட்டார் வழி

இங்கிலாந்தில் மாட்டுக் காட்சிகள் பெருகியது 18-ம் நூற்றாண்டின் முடிவில். லண்டன் நகரில் ஸ்மித்பீல்டு சங்கம் 1798-ம் வருஷத்தில் ஸ்தாபிக்கப்பட்டு, மறு வருஷமே தன் முதற் காட்சியை நடத்தியது. அங்கே கொண்டுவந்து நிறுத்தப்பட்டவை இறைச்சிக்காகக் கொழுக்க வைக்கப்பட்ட மாடுகள். எந்த மாடு அதிகமாகக் கொழுத்தது என்பதே அக்காலத்துப் போட்டியாகிவிட்டது.

அந்நாளில் மிகுந்த கீர்த்தி பெற்றது டர்ஹாம் எருது என்பது. அது 1796-ல் பிறந்தது. அதன் பருமனைக் கண்டு ஜனங்கள் வியந்தமையால், 1801 முதல் சுமார் 6 வருஷ காலம் அதனை ஊர் ஊராகக் கொண்டு சென்று காட்டிப் பணம் ஈட்டினார்கள். அதற்கென்றே ஒரு வண்டி செய்து, எருதை அதில் ஏற்றிக் குதிரைகளைப் பூட்டி இழுக்கச் செய்தார்கள். 1807-ல் ஆக்ஸ்போர்டு நகரில் இருந்தபோது அதன் இடுப்பு மூட்டுப் பிசகிற்று. சில வாரங்களில் அதனைக் கொல்ல வேண்டியதாயிற்று. வண்டியை இழுக்கும் சாதியிற் பிறந்த எருது வண்டியிலேறிச் சவாரி செய்து, முடிவில் தன் பாரத்தைத் தானே தாங்கமாட்டாமல் மடிந்தது. காட்சியின் அளவுகோல் தவறினால் பிராணிக்கு என்ன கதி நேரும் என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் வேண்டுவதில்லை.

இறைச்சி மாடுகளைக் காட்சிக்கு விடும் வழக்கம் அந்நாடுகளில் இன்றும் உண்டு. அமெரிக்காவில் பள்ளிச் சிறுவர்கள் ஆளுக்கொரு காளைக் கன்றை வாங்கி, மாதக்கணக்கில் தீனி போட்டு, கயிற்றில் நடக்கப் பழக்கி, நாள்தோறும் கழுவி மயிரை வாரி, ஜில்லாக் காட்சியில் நிறுத்துகிறார்கள். காட்சி முடிந்ததும் அநேகமாக அந்தக் கன்றுகள் ஏலத்தில் கசாப்புக்குப் போய்விடுகின்றன. நம் நாட்டில் மாட்டிறைச்சி உண்போரும் உளர், உண்ணாதாரும் உளர். அந்த வாதத்தில் நாம் இங்கே புகவில்லை. நம் சம்சாரி மாட்டைக் காட்சிக்கு வளர்ப்பது கறிக்காக அன்று என்பது மட்டும் எல்லோரும் அறிந்தது. உழவு, பாரம், பால், எரு என்னும் நான்கினுக்காகவே அவன் மாடு வளர்த்து வந்திருக்கிறான். ஆகவே மேனாட்டாரிடமிருந்து நாம் கற்க வேண்டியது அவர்களுடைய பொறுமையையும் ஒழுங்கையுமே; அவர்களுடைய அளவுகோலை அன்று.

மலையும் மாடும்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக வத்திராயிருப்பு வரையில் மேற்கே நோக்குவார்க்கு மேற்குத் தொடர்ச்சி மலை மதில் போல் தோன்றும். தென்மேற்குப் பருவ மழையின் பெரும் பகுதி அந்த மதிலுக்கு அப்பால் கேரளத்தில் பெய்து தீர்ந்துவிடுகிறது. இப்புறத்தாருக்கு வடகிழக்குப் பருவ மழையும், மலையினின்று இறங்கும் ஓடைகளும், அவற்றைத் தேக்கும் கண்மாய்களுமே கதி. அடிவாரத்தில் நெல், தென்னை, மா. கிழக்கே செல்லச் செல்லக் கரிசல் காட்டில் பருத்தி, சோளம், கம்பு. மழை தவறினால் தீவனம் தவறும். இப்படிப்பட்ட பூமியில் நிலைத்து நிற்கக் கூடியது குறைந்த தீனியில் உயிர் தரிக்கும் மாடேயாகும்.

ஆண்டாள் தன்னை ஆயர்குலப் பெண்ணாகப் பாவித்துப் பாடிய ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். அவ்வூர்ப் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பால்கோவாவுக்குப் பால் வேண்டும். ஆகையால் பால் மிகுதியாகக் கறக்கும் கலப்பினப் பசுக்கள் தொழுவங்களில் பெருகியிருக்கின்றன. அதனைக் குறை கூறுவதற்கில்லை. ஏழை வீட்டுப் பெண்மக்கள் பலர் பால் விற்றே பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள். ஆனால் தொழுவத்து மாடு ஒன்று, மலையடிவாரத்து மாடு வேறொன்று என்பதை மறக்கலாகாது.

மலையடிவாரத்தில் கிடை மாடுகள் உண்டு. மலைமாடு என்றே ஜனங்கள் அவற்றை அழைக்கிறார்கள். உருவிற் சிறியவை, செவலை, கறுப்பு, புள்ளி எனப் பல நிறத்தவை, செங்குத்தான சரிவிலும் கால் வழுவாமல் ஏறக்கூடியவை. பசும்புல் உள்ள காலத்தில் மலையிலும், அறுவடை முடிந்த பின் சமவெளி வயல்களிலும் அவை மேய்கின்றன. இரவில் நிலத்தில் கிடை போட்டால், சாணமும் மூத்திரமும் மண்ணிலேயே சேர்கின்றன. நிலத்துக்காரன் எருவைப் பெறுகிறான். கிடைக்காரன் கூலி பெறுகிறான். மாடு தாளைத் தின்கிறது. மூவருக்கும் நஷ்டமில்லாத வியாபாரம் உலகில் அதிகம் இல்லை.

வடக்கே மதுரை, சிவகங்கைச் சீமைகளில் புலிகுளம் மாடும், கொங்கு நாட்டில் காங்கேயம் மாடும் பெயர் பெற்றவை. காங்கேயம் மாட்டைப் பாளையக்கோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகப் பேணி வளர்த்ததனால் அது தேசமெங்கும் புகழடைந்தது. பேணுவார் இருந்தால் நாட்டு மாடு எவ்வளவு உயரும் என்பதற்கு அதுவே சான்று. மலைமாட்டைப் பேணும் பொறுப்பு இந்த இரண்டு தாலூகா ஜனங்களைச் சார்ந்தது.

கன்றைத் தேர்ந்தெடுத்தல்

இனி ஆயத்தத்தைக் கவனிப்போம். முதலாவது, தேர்வு. தாயையும் பொலிகாளையையும் பாராமல் கன்றை மட்டும் பார்த்துத் தேர்வது தவறு. கன்று பிறந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்திருக்க வேண்டும். நோயைத் தாங்கும் சக்தி அதற்குச் சீம்பாலின் மூலமே வருகிறது. பாலைக் கடைசிச் சொட்டு வரையில் கறந்து விற்றுவிட்டு, கன்று தேறவில்லையே என்று வருந்துவதில் பயனில்லை.

வயதைப் பல்லால் அறியலாம். சுமார் 2 முதல் 2½ வயதில் முதல் ஜோடி நிலைப்பல் முளைக்கும். அதன் பின் ஏறக்குறைய வருஷத்துக்கு ஒரு ஜோடியாக முளைத்து, 4 முதல் 5 வயதுக்குள் எட்டுப் பல்லும் நிரம்பும். காட்சியில் இரண்டு பல் மாட்டை எட்டுப் பல் மாட்டோடு நிறுத்தினால் நியாயம் கிடைக்காது. ஆகையால் பல் பார்த்து வகுப்புப் பிரிப்பது அவசியம்.

எடையை அறியத் தராசு வேண்டுமென்பதில்லை. ஓர் அளவு நாடா போதும். முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னே மார்பின் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, அதனை அதனாலேயே பெருக்க வேண்டும். தோள்முனை முதல் பின்சப்பை எலும்பின் முனை வரையுள்ள நீளத்தால் அத்தொகையைப் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் ஏறக்குறைய எத்தனை கிலோ என்பது கிடைக்கும். மார்பு 60 அங்குலமும் நீளம் 52 அங்குலமும் உள்ள மாடு சுமார் 284 கிலோ இருக்கும். மாதம் ஒரு தடவை இவ்வாறு அளந்து ஒரு நோட்டில் குறித்து வைப்பவனுக்குத் தன் மாடு தேறுகிறதா மெலிகிறதா என்பதைப் பிறர் சொல்ல வேண்டியதில்லை.

தீனி

அவ்வளவு எடையுள்ள மாட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 12 கிலோ பசுந்தீவனமும், 3 கிலோ வைக்கோல் அல்லது சோளத்தட்டையும், 1½ கிலோ அடர்தீவனமும் இருந்தால் போதும். அடர்தீவனம் என்பது தவிடு, பிண்ணாக்கு, பருத்திக்கொட்டை, உளுந்தம் பொட்டு, துவரம் பொட்டு முதலியவற்றின் கலவை. பருத்தி விளையும் கரிசலை அடுத்த ஊர்களில் பருத்திக்கொட்டை புதிதன்று. ஊறவைத்து ஆட்டிக் கொடுக்கும் வழக்கம் பழையது. இவற்றோடு 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவையும் சேர்க்க வேண்டும். தண்ணீர் எந்நேரமும் கிடைக்க வேண்டும். வெயில் காலத்தில் மாடு 40 லிட்டருக்கு மேலும் குடிக்கும்.

காட்சி இன்னும் பத்து நாளில் வருகிறது என்று கேள்விப்பட்டு, அன்று முதல் படி படியாகத் தானியத்தைக் கொட்டுவோர் உண்டு. இதைவிடப் பெரிய தீங்கு மாட்டுக்கு இல்லை. வயிற்றில் தானியம் திடீரெனப் புளித்து, அமிலம் மிகுந்து, மாடு உப்புசம் கண்டு படுத்துவிடும். சில வேளைகளில் இறந்தும் போகும். பிழைத்தாலும் குளம்பு வீங்கி நொண்டும். தீனியை மாற்றுவதாயின் இரண்டு மூன்று வாரங்களில் சிறிது சிறிதாக மாற்ற வேண்டும். ஆறு மாதத்து வேலையை ஆறு நாளில் முடிக்கலாம் என்று நினைப்பவனுக்குப் பரிசும் கிட்டாது, மாடும் மிஞ்சாது.

நடையும் குளம்பும்

மாட்டை நாள்தோறும் காலையிலும் மாலையிலும் கயிற்றில் பிடித்து நடத்திப் பழக்க வேண்டும். முதலில் வீட்டுக்காரன், பிறகு வீட்டிலுள்ள மற்றவர்கள், அதன் பின் அந்நியர் என்று பழகினால், பந்தலில் கூட்டத்தையும் மேளத்தையும் கண்டு அது மிரளாது. மூக்கணாங்கயிற்றை வெட்டி இழுத்து அடக்குவது பழக்கம் ஆகாது. பயத்தால் நிற்கும் மாட்டை அதன் கண்ணே காட்டிக் கொடுத்துவிடும்.

வளர்ந்து வளைந்த குளம்பைக் காட்சிக்கு மூன்று நான்கு வாரங்களுக்கு முன்பே சீர் செய்துவிட வேண்டும். கடைசி நாளில் வெட்டினால் கூச்சத்தால் மாடு காலை ஊன்றாது. உழவு மாட்டுக்கும் வண்டி மாட்டுக்கும் காலே முதல். ஈர மணலில் மாட்டை நடத்திப் பார்த்தால், நல்ல நடையுள்ள மாட்டின் பின்னங்காலடி முன்னங்காலடி விழுந்த இடத்திலேயே விழும். அனுபவசாலிகள் மாட்டைப் பார்ப்பதற்கு முன் அதன் சுவட்டைப் பார்ப்பார்கள். அது வெறும் பேச்சன்று.

குளிப்பாட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கண்மாயில் இறக்கி, வைக்கோல் புரியால் தேய்த்து, நிழலில் உலர்த்தினால் போதும். உண்ணி, பேன் இல்லாமலும், வயிற்றில் புழு இல்லாமலும் பார்த்துக்கொண்டால், எண்ணெய் தடவாமலே தோல் மினுமினுக்கும். உள்ளே ஆரோக்கியம் இல்லாத மாட்டின் மேல் எத்தனை எண்ணெய் தடவினாலும் அது பூச்சுத்தான்.

நோய்த் தடுப்பு

பல ஊர் மாடுகள் கூடுமிடத்தில் பல ஊர் நோய்களும் கூடும். வெக்கை நோய் என்று நம் முன்னோர் நடுங்கிய கொள்ளை நோய் உலகத்தைவிட்டே ஒழிந்தது என்று 2011-ல் பிரகடனம் செய்யப்பட்டது. தடுப்பூசியின் வெற்றி அது. ஆனால் கோமாரியும், தொண்டை அடைப்பானும், சப்பை நோயும் ஒழிந்தபாடில்லை. 2022-ல் தோல் கழலை நோய் வட தேசத்தில், முக்கியமாக ராஜஸ்தானத்திலும் குஜராத்திலும், ஏராளமான மாடுகளைக் கொள்ளை கொண்டதை மறந்திருக்க மாட்டோம். கோமாரிக்குத் தடுப்பூசி போடும் தேசிய திட்டம் 2019 முதல் நடைபெற்று வருகிறது. காட்சிக்கு வரும் மாட்டுக்கு மூன்று வாரங்களுக்கு முன்பே தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். காட்சியிலிருந்து திரும்பிய மாட்டையும் இரண்டு வாரமேனும் மற்ற மாடுகளோடு சேர்க்காமல் தனியே கட்ட வேண்டும். பரிசோடு நோயையும் வீட்டுக்குக் கொண்டு வருவது புத்திசாலித்தனம் அன்று.

சுழியும் சூதும்

நம் ஜனங்கள் மாடு பிடிக்கும்போது முதலில் தேடுவது சுழியை. ராஜசுழி இருந்தால் விலை ஏறும். பாடைச்சுழி இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கமாட்டார்கள். மயிர் எந்தப் பக்கம் திரும்பிச் சுழன்றிருக்கிறது என்பதற்கும், மாடு ஏரில் நடப்பதற்கும் சம்பந்தம் ஒன்றுமில்லை. நல்ல கால், அகன்ற மார்பு, நேரான முதுகு, தெளிந்த கண், இளகிய தோல் இவற்றையுடைய எத்தனையோ மாடுகள் சுழியின் பேரால் தள்ளுண்டு போயின. இத்தகைய மூட நம்பிக்கையை மேடையேறிக் கண்டிப்பதைக் காட்டிலும், சுழி கெட்ட ஒரு மாட்டுக்குப் பலர் முன்னிலையில் முதற் பரிசு கொடுப்பது மேலான பிரசாரமாகும்.

சந்தைச் சூதுகளும் உண்டு. உப்பைத் தின்னக் கொடுத்துத் தாகம் மூட்டி, வயிறு புடைக்கத் தண்ணீர் காட்டுவது; பல்லை அரம் போட்டு வயதை மறைப்பது; வாலை முறுக்கி ஒரு நிமிஷம் சுறுசுறுப்புக் காட்டுவது. பிராணிகளைத் துன்புறுத்துதல் தடைச் சட்டம் 1960 முதல் அமலில் இருக்கிறது. சட்டத்துக்குப் பயந்து அல்ல, மனிதத் தன்மையின் பொருட்டே இவற்றை விலக்க வேண்டும். காட்சி நடத்துவோர் மாட்டை நிற்க வைத்துப் பார்ப்பதோடு நில்லாமல், நடக்க விட்டும் பார்த்தால், இந்தச் சூதுகளில் பாதி தானே வெளிப்பட்டுவிடும்.

அளவுகோல் எது?

எல்லாவற்றிலும் பெரிய கேள்வி இதுதான். உயரத்தையும் எடையையும் மட்டும் அளந்து பரிசு கொடுத்தால், மலைமாடு ஒருநாளும் பரிசு பெறாது. காங்கேயம் மாட்டின் பக்கத்தில் அது சிறியதாகவே தோன்றும். கலப்பினப் பசுவின் மடிக்கு முன் அதன் மடி ஒன்றுமில்லை. பரிசு பெறாத மாட்டை மக்கள் மதியார். மதியாத மாட்டை வளர்க்கவும் மாட்டார். இவ்வாறு ஒரு தப்பான அளவுகோல் ஓர் இனத்தையே அழித்துவிடக்கூடும். 2019-ம் வருஷத்துக் கால்நடைக் கணக்கின்படி, இந்தியாவில் நாட்டு மாடுகள் முந்திய கணக்கைவிட 6 விழுக்காடு குறைந்து, 14 கோடியே 21 லட்சமாயின. அதே காலத்தில் அயல்நாட்டு, கலப்பின மாடுகள் ஏறக்குறைய 27 விழுக்காடு பெருகின. இந்தக் கணக்கு நம்மைச் சிந்திக்கச் செய்ய வேண்டும்.

உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டது, பாரத்துக்கு லாரி வந்துவிட்டது, இனிக் காளை எதற்கு என்று கேட்பார்க்கு நாம் சொல்லும் விடை சுருக்கமானது. டிராக்டர் சாணம் போடாது; தன் சாதியைத் தானே பெற்றுத் தராது. பஞ்ச காலத்தில் சருகைத் தின்று உயிர் பிழைக்கும் இனத்தை ஒருமுறை இழந்தால், எத்தனை கோடி ரூபாய் கொடுத்தாலும் மீட்க முடியாது. மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரும் சாலையில் உள்ள தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தம் கடைசிக் காலத்தைக் கழித்து, 1960-ல் மறைந்த ஜே. சி. குமரப்பா, மாட்டை நடுவாக வைத்த கிராமப் பொருளாதாரமே நிலைத்து நிற்கக் கூடியது என்று வாழ்நாள் முழுவதும் வாதாடினார். அன்று அவரைப் பழமைவாதி என்று எள்ளியவர்களும், இன்று ரசாயன உரத்தால் களைத்துப்போன மண்ணைப் பார்த்து அவர் பேச்சை நினைத்துக்கொள்கிறார்கள்.

மேய்ச்சல் வழக்கு

இப்பொழுது விஷயத்தின் உயிர்நிலைக்கு வருகிறோம். ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்காடு 1988-ல் சாம்பல் நிற அணில் சரணாலயமாயிற்று. 2021 பிப்ரவரியில் அந்தச் சரணாலயத்தையும் மேகமலைச் சரணாலயத்தையும் சேர்த்து, ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் அமைக்கப்பட்டது. இந்தியாவில் அது 51-வது, தமிழ்நாட்டில் 5-வது. 2022 மார்ச்சில் சென்னை ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை, காடுகளில் கால்நடை மேய்ச்சலை அடியோடு தடுத்து உத்தரவிட்டது. அம்மாதத்திலேயே அந்த உத்தரவு திருத்தப்பட்டு, தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் தடை என்றாயிற்று. மற்றைய ஊர்க் கிடைக்காரர்களுக்குத் திருத்தத்தால் ஆறுதல் கிடைத்தது. ஆனால் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மலைச்சரிவுகளில் காப்பகத்துக்குள் அடங்கிய காடுகளையே நம்பியிருந்தவர்களுக்கு அந்தத் திருத்தத்தால் லாபமில்லை.

இதில் ஒரு பக்கம் மாத்திரம் நியாயம் இருக்கிறது என்று நாம் சொல்ல மாட்டோம். காடு அழிந்தால் ஓடை வற்றும். ஓடை வற்றினால் கண்மாய் வற்றும். கண்மாய் வற்றினால் கிடையும் இராது, ஊரும் இராது. மந்தை மிகுதியாகப் புகுந்த காட்டில் இளஞ்செடி தலையெடுப்பதில்லை. நாட்டு மாட்டின் நோய் காட்டெருமைக்குத் தொற்றும். இவையெல்லாம் மெய்யே. ஆயினும், தலைமுறை தலைமுறையாக மேய்த்து வந்தவனை ஒரே நாளில் வெளியே நிறுத்திவிட்டு, அவன் மந்தை எங்கே போகும் என்று கேளாதிருப்பது நீதியாகாது. காடு வாழ் மக்களின் மேய்ச்சல் உரிமையை 2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. அச்சட்டப்படி உரிமை கோருவோரின் மனுக்களைத் தாமதமின்றி விசாரித்து முடிவு செய்ய வேண்டியது சர்க்காரின் கடமை.

காட்டுக்கு வெளியே நிலைமை என்ன? ஊர்ப் பொது மேய்ச்சல் தரைகள் பல வீட்டு மனைகளாகவும், வேறு காரியங்களுக்காகவும் மாறிவிட்டன. கண்மாய்க் கரைகளிலும் புறம்போக்குகளிலும் சீமைக்கருவேல் மண்டிக் கிடக்கிறது. 1928-ல் வெளிவந்த விவசாய ராயல் கமிஷன் அறிக்கை, தீவனம் குறைந்த இடத்தில் மாடு மெலிகிறது, மெலிந்த மாட்டால் வேலை முடியாமையால் எண்ணிக்கை பெருகுகிறது, எண்ணிக்கை பெருகுவதால் தீவனம் மேலும் குறைகிறது என்று ஒரு விஷச் சக்கரத்தை எடுத்துக் காட்டிற்று. அன்னிய சர்க்காரின் கமிஷன் சொன்னதாயினும் உண்மை உண்மையே. அன்று எண்ணிக்கை பெருகியதே குறை. இன்றோ நாட்டு மாட்டின் எண்ணிக்கையே தேய்கிறது. தீவனப் பஞ்சம் மட்டும் மாறவில்லை.

செய்ய வேண்டுவது

ஆகையால் இந்த இரண்டு தாலூகாக்களிலும் பொதுக் காரியங்களில் ஈடுபட்டவர்களுக்கு நாம் நான்கு யோசனைகளைக் கூறுவோம்.

முதலாவது, கன்றுப் பேரணியாயினும் பெரிய காட்சியாயினும், மலைமாட்டுக்கு என்று தனி வகுப்பு ஏற்படுத்துக. அதில் உயரத்தையும் எடையையும் பாராமல், காலையும் குளம்பையும் நடையையும், வருஷந்தோறும் கன்று ஈன்ற கணக்கையும் பார்த்துப் பரிசு கொடுக்குக.

இரண்டாவது, கிடேரிக் கன்றோடு பொலிகாளைக்கும் பரிசு வேண்டும். பரிசு பெற்ற காளையை மறுநாளே வெளியூர் வியாபாரி அதிக விலைக்குக் கொண்டு போய்விட்டால், ஊருக்கு மிஞ்சுவது பெருமை மட்டுமே. பரிசுப் பணத்தில் பாதியைக் காட்சியன்று கொடுத்து, மறுபாதியை இரண்டு வருஷம் அந்தக் காளை அவ்வூரிலேயே இருந்து சந்ததி விட்ட பின் கொடுப்பது நலம்.

மூன்றாவது, மாட்டுக்கு மட்டுமன்றி மேய்ச்சல் தரைக்கும் பரிசு கொடுக்க வேண்டும். எந்த ஊரார் தம் பொதுத் தரையிலிருந்து சீமைக்கருவேலை அகற்றி, கொழுக்கட்டைப் புல்லும் அகத்தியும் வேலிமசாலும் வளர்த்துக் காப்பாற்றுகிறார்களோ, அந்த ஊருக்கு முதற் பரிசு. அவ்வாறு கீழே புல் இருந்தால், மேலே காட்டின் மீது பாரம் குறையும். புலிக்கும் மாட்டுக்கும் உள்ள வழக்கு கோர்ட்டில் தீர்வதைக் காட்டிலும் மேய்ச்சல் தரையில் தீர்வதே மேல்.

நான்காவது, பரிசு கொடுக்கும் மேடையில் மாட்டுக்காரனோடு மேய்ப்பவனையும் ஏற்றுங்கள். உடையவன் பெயர் மாத்திரம் பட்டியலில் இருக்கிறது. வெயிலிலும் மழையிலும் மந்தையின் பின் நடந்தவன் பெயர் எங்கும் இல்லை. கிடை மேய்ப்பவன் பிள்ளை இன்று அந்தத் தொழிலுக்கு வர மறுக்கிறான் என்றால், காரணம் கூலி மட்டுமன்று. மதிப்பும் இல்லை என்பதே.

மாட்டைத் தயார் செய்வது எளிது; அளவு நாடாவும், பொறுமையும், ஆறு மாதமும் போதும். அந்த மாட்டைப் பெற்று வளர்க்கும் பூமியைத் தயார் செய்வதுதான் கடினம். அடுத்த காட்சிக்குப் பந்தற்கால் நடுவதற்கு முன், உங்கள் ஊர் மேய்ச்சல் தரை எத்தனை ஏக்கர், அதில் இன்று புல் நிற்பது எத்தனை ஏக்கர் என்று கிராமசபையில் எழுந்து கேளுங்கள். உண்மையான ஆயத்தம் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கும்.